லெனாட்டின் டாங்கியில் மூன்று விரல் இடம்

வியாழக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு லவீனா எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மாஸ்ரர், அம்மா எழும்பேல்லை."

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "எழுப்பிப் பாரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவள் சொன்னது எனக்கு விளங்கியது. அவள் அழவில்லை. "அப்பா பக்கத்திலை இருக்கிறார். நீங்கள் ஒருக்கா வாங்கோ" என்றாள்.

லவீனாவின் அம்மா அருமைநாயகி அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. நித்திரையிலேயே இதயம் நின்றுவிட்டது என்று வைத்தியர் சொன்னார். முதல் நாள் பின்னேரம் ஆறு மணி வரைக்கும் அவர் கடையில் நின்று வேலை செய்தார். யாழ்ப்பாணம் குருநகர் கடற்கரை வீதியில் அவருடைய கடைக்கும் என்னுடைய கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். நான் ஸ்ரிக்கர் அச்சடித்து வெட்டிக் கொடுப்பவன். கம்பஸ் படிப்பு முடித்த காலத்தில் நாலு வருடம் ரியூசன் கொடுத்ததால் இந்த வீதியில் எனக்கு மாஸ்ரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அக்கா அந்த ஸ்ரிக்கர்களை மோட்டார் சைக்கிள்களின் பெற்றோல் டாங்கிகளில் ஒட்டுவார். அதைவிட முக்கியமாக, மற்றவர்கள் ஒட்டிப் பொங்கிப்போனதையும், மற்றவர்கள் அடித்த பெயின்ற் கொப்புளித்ததையும் திருத்துவார். வல்வெட்டித்துறையிலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். குருநகரில் இறங்கி 'டாங்கி அக்கா' என்று கேட்டால் போதும், ஐஸ் வண்டிக்காரரும் வழி காட்டுவார்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் அவரிடம் வேலை செய்வித்தவர்கள். அன்று ஒழுங்கை நிறைய மோட்டார் சைக்கிள்கள். டாங்கி நல்லபடி இருந்தவர்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டாங்கி பொங்கியிருந்தவர்கள் ஒழுங்கை முடக்கிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். அவர்களை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பந்தலுக்குள் இருந்த ஒருவர் அதைக் கவனித்துப் பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, கொஞ்ச நேரத்தில் கதிரை வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. லெனாட் அண்ணையும் சிரித்தார். அவர் அக்காவின் கணவர். சிரித்துவிட்டுத்தான் அழுதார்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி லவீனா கேட்டிருக்கிறாள். அம்மாவைப் பற்றி எழுதும்போது சோகமாக எழுத வேண்டாம், அம்மா அப்படிப்பட்டவை வாசிக்க மாட்டா என்றும் சொன்னாள். ஒரு பக்கத்தில் அடங்காது என்பது மட்டும் இப்போதே தெரிகிறது.

அக்காவின் தொழிலில் அவரைத் தோற்கடித்த டாங்கி ஒன்றே ஒன்றுதான். அது லெனாட் அண்ணையின் டாங்கி. பதினொரு வருடத்தில் ஒன்பது தரம் அதைத் திருத்தினார், ஒன்பது தரமும் அது பொங்கியது. ஊர் முழுவதும் டாங்கி திருத்துகிறவரின் வீட்டு வாசலிலேயே பொங்கிய டாங்கி நின்றது. இந்த வருடம் கோயில் திருநாளில் வாகனங்களை ஆசீர்வதிக்கும்போது அந்த டாங்கி ஒரு கொப்புளம்கூட இல்லாமல் முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். அதற்கு அவர் பெயின்றோடு போராட வேண்டியிருக்கவில்லை. கணவனோடுதான் போராட வேண்டியிருந்தது.

அது ஏன் என்று சொல்வதற்கு முதல் அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

கொப்புளத்தோடு யாராவது வந்தால் அக்கா அதிகம் கேள்வி கேட்கமாட்டார். ஒரு மெல்லிய ஊசி அவருடைய சட்டைக் கழுத்தில் எப்போதும் குத்தியிருக்கும். அதை எடுத்துக் கொப்புளத்தின் ஓரத்தில் ஒரு குத்து. பிறகு குனிந்து மணப்பார். பெற்றோல் மணந்தால், மூடியிலிருந்து வழிந்து ஸ்ரிக்கருக்கு அடியில் போயிருக்கிறது. தின்னர் மணந்தால், பெயின்ற் அடித்தவர் முதல் பூச்சுக் காய முன்னம் அடுத்ததை அடித்திருக்கிறார். ஒன்றும் மணக்காமல் ஊசி நுனியில் மண்ணிறத் தண்ணீர் வந்தால், டாங்கி உள்ளேயிருந்து துருப்பிடித்து ஓட்டை விழப் பார்க்கிறது. அதில் அவர் கை வைக்கமாட்டார். "இது நான் பாக்கிற வருத்தம் இல்லை. வெல்டிங் கடைக்குக் கொண்டுபோங்கோ" என்பார்.

இதை அவர் படித்தது மோட்டார் சைக்கிளில் அல்ல. சுனாமிக்குப் பிறகு படகு செய்து கொடுத்த ஒரு பட்டறையில் பைபர்கிளாஸ் பாய் விரிக்கிற வேலைக்குப் போயிருந்தார். படகின் அடியில் கொப்புளம் வந்தால் மேலே பூசி மூடுவது வீண், உள்ளே என்ன போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அங்கே கண்டுகொண்டார். பட்டறை மூடிய பிறகு ஒருநாள் லெனாட் அண்ணையின் டாங்கியில் ஒரு கொப்புளத்தைப் பார்த்தாராம். படகில் செய்ததைப்போல அதையும் குத்தி மணந்தாராம். தொழில் அப்படித்தான் தொடங்கியது. அந்த டாங்கியால் தொடங்கிய தொழிலில் அந்த டாங்கியைத்தான் அவரால் வெல்ல முடியவில்லை.

வட்டுக்கோட்டையிலிருந்து பிரகலாதன் என்ற பெடியன் வந்த நாள் நினைவிருக்கிறது. வங்கியில் வேலை. நீல நிற டாங்கி, மூடியிலிருந்து கீழ்நோக்கி வரிசையாக ஐந்து கொப்புளம்.

"எங்கை அடிக்கிறனீர் பெற்றோல்?" என்று அக்கா கேட்டார். ஊசி ஏற்கெனவே கையில் இருந்தது.

"வழமையான பெற்றோல் செற்றிலைதான். அளவாத்தான் அடிக்கிறனான் அக்கா. இது ஸ்ரிக்கர்ப் பிழையெண்டு நினைக்கிறன்."

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் காதைக் கொடுத்தேன். அக்கா குத்தினார், மணந்தார்.

"அளவாவோ? தம்பி, நீர் நேற்று விளிம்பு வரைக்கும் அடிச்சனீர். அடிச்சுப்போட்டு மோட்டார் சைக்கிளை ரெண்டு பக்கமும் ஆட்டினனீர். காத்துப்போக, திரும்ப ஒருக்கா அடிச்சனீர். பிறகு கொண்டுபோய் வெயிலுக்கை விட்டிட்டு வேலைக்குள்ளை போயிட்டீர்."

பிரகலாதன் ஊசியைப் பார்த்தான். "நீங்கள் செற்றடியிலை நிண்டனீங்களோ அக்கா?"

"எனக்கு வேறை வேலை இல்லையே. ஏன் ஆட்டினனீர்?"

"அப்பா அப்பிடித்தான் அடிக்கிறவர்."

"அப்பா ஏன் ஆட்டினவர்?"

"அது தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "கொப்பருக்கு நான் ஒண்டும் சொல்லேலாது. நீர் இனி ஆட்டாதையும். வாயிலை இருந்து மூண்டு விரலுக்குக் கீழை நிக்கோணும். வெயில் ஏற ஏற பெற்றோல் பொங்கும், அதுக்கு ஒரு இடம் வேணும். இடம் குடுக்காட்டி அது தானா ஒரு இடம் எடுக்கும், எங்கையெண்டால் ஸ்ரிக்கருக்கு அடியிலை. விளங்கிச்சோ?"

"விளங்கிச்சு அக்கா."

"விளங்காது. அடுத்த வருசமும் வருவீர். இப்ப டாங்கியைக் கழட்டி வைச்சிட்டு பஸ்ஸிலை போம்."

டாங்கியை வெறுமையாக்கி, மூடியைத் திறந்து, நிழலில் ஐந்து நாள் கவிழ்த்து வைப்பார். பழைய பெயின்றுக்குள் ஊறிய பெற்றோல் போன பிறகுதான் சாண்ட் பேப்பர் பிடிப்பார். ஐந்து நாளை நாலாக்கச் சொல்லி எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள். கலியாண மாப்பிள்ளை ஒருவர் கெஞ்சினார். பொலிஸ்காரர் ஒருவரும் கெஞ்சினார். "நாளைக்குத் தாறன், நாளையிண்டைக்குப் பொங்கும், சரியோ?" என்று கேட்பார். யாரும் சரி என்று சொன்னதில்லை.

தொடக்கத்தில் எனக்கும் அவருக்கும் ஓயாத சண்டை. கொப்புளம் வந்தால் ஸ்ரிக்கர் சரியில்லை என்பார். டாங்கி சரியில்லை என்பேன். ஒருநாள் இரண்டு பேரும் சோதனை செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தோம். ஒரே தாளில் வெட்டிய மூன்று ஸ்ரிக்கர். ஒன்றைத் தகரத்தில் ஒட்டினோம், ஒன்றைப் பெற்றோல் இல்லாத வெறும் டாங்கியில் ஒட்டினோம், மூன்றாவதை லெனாட் அண்ணையின் டாங்கியில் ஒட்டினோம். ஆறு நாளில் லெனாட் அண்ணையுடையது மட்டும் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது.

"மாஸ்ரர், உம்மிலை பிழை இல்லை" என்றார் அக்கா. "என்ரை மனுசன் ஒரு லெபோரட்டரி. எதையும் குடுத்துப் பாக்கலாம்."

தோல்வியை ஒத்துக்கொண்டாலும் சும்மா விடவில்லை. தையல்காரரிடம் இருக்கிற பல்லுச் சில்லு ஒன்றை வாங்கிவந்து, பெரிய ஸ்ரிக்கர்களில் அதை உருட்டிக் கண்ணுக்குத் தெரியாத துளை போட்டுத் தரச் சொன்னார். பெற்றோல் ஆவி வெளியேற வழி இருக்கட்டும் என்றார். அதன் பிறகு என் ஸ்ரிக்கர்கள் குறைவாகவே பொங்கின. அந்த யோசனை என்னுடையது என்று நான் இரண்டொரு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது அவருடையது.

2022இல் பெற்றோல் இல்லாமல் போன மாதங்களில் குடாநாட்டின் டாங்கிகள் எல்லாம் ஒன்றாகப் பொங்கின. இரண்டு நாள் வரிசையில் நின்று அடித்தவர்கள் கடைசித் துளியும் உள்ளே போகும்வரை ஆட்டினார்கள். பிறகு செலவழிக்க மனமில்லாமல் நிரம்பிய டாங்கியோடு சைக்கிளை முற்றத்து வெயிலில் விட்டார்கள். திருத்துவதற்குக் கடைக்கு வரப் பெற்றோல் இருந்தது, அதைச் செலவழிக்கத்தான் யாருக்கும் விருப்பமில்லை. டாங்கியைக் கழற்றித் துவிச்சக்கரவண்டிக் கரியரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே இருந்த பெற்றோலை வீட்டில் போத்தல்களில் ஊற்றி, மனைவிமாரைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்தார்கள். சிலர் எரிபொருள் அட்டையின் கியூ.ஆர். கட்டக் குறியீட்டை அச்சடித்து டாங்கியிலேயே ஒட்டியிருந்தார்கள். அதுவும் பொங்கியது. ஓய்வுபெற்ற ஓவசியர் சீவரத்தினம் வரிசையின் முன்னுக்குப் போய்ச் சேர்ந்த நேரம், அவருடைய குறியீடு முட்டை மாதிரி எழும்பியிருந்ததால் செற்காரரின் போன் அதை வாசிக்கவில்லை. அங்கிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அக்கா, இதைத் தட்டையாக்கித் தாங்கோ. என்ரை இடத்தை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

அக்கா குத்தி, காற்றை எடுத்து, துணியால் அழுத்திக் கொடுத்தார். "ஐயா, இனி டாங்கியிலை ஒட்டாதேங்கோ. நெத்தியிலை ஒட்டுங்கோ. அது பொங்காது" என்றார். சீவரத்தினம் ஓடினார். பெற்றோல் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அந்த மாதங்களில் லெனாட் அண்ணை மட்டும்தான் பதறாமல் இருந்தார். அவருடைய டாங்கி எப்போதுமே நிரம்பித்தான் இருந்தது. வள்ளத்துக்குப் போக வர ஒரு கிலோமீற்றர், பின்னேரம் சந்தி வரைக்கும் ஒரு கிலோமீற்றர். அவ்வளவுதான் அவருடைய ஓட்டம். இருந்தாலும் வழமையான நாட்களில் மூன்று நாளுக்கு ஒருதரம் செற்றுக்குப் போவார். அரை லீற்றர் குறைந்திருந்தால்கூட அடித்து நிரப்பி, ஆட்டி, மூடியை மூடிவிட்டுக் கையால் ஒரு தட்டுத் தட்டுவார்.

அதற்குக் காரணத்தை அக்காதான் எனக்குச் சொன்னார். தொண்ணூற்றைந்தில் போரால் யாழ்ப்பாணத்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அவர்கள் மீசாலையில் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டிலில் இருந்தார்கள். தை மாதம், நிறைமாதமாக இருந்த அக்காவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கியது. பெற்றோல் கிடைக்காத காலம் என்பதால் லெனாட் அண்ணையிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட வேண்டும். அக்காவை ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டார். சங்கத்தானையில் மண்ணெண்ணெய் முடிந்து சைக்கிள் நின்றுவிட்டது.

"நான் இறங்கி நடக்கிறன் எண்டன். மனுசன் விடேல்லை" என்றார் அக்கா. "இருத்திவைச்சுத் தள்ளினார். பள்ளமெல்லாம் மேடாத் தெரிஞ்சுது போலை. பின்னாலை இருந்து அவர் மூச்சு வாங்கின சத்தத்தைக் கேட்டு, எனக்குப் பிள்ளை பிறக்க முன்னம் இந்தாள் போயிடுமோ எண்டு நான் பயந்துபோனன். ஆஸ்பத்திரி வாசல்லை நேர்ஸ் வந்து அவரைத்தான் முதல்லை பிடிச்சவ. எனக்கு இல்லையம்மா, அவவுக்கு எண்டு கையைக் காட்டினார். பிறகு விழுந்திட்டார்."

லவீனா அரை மணித்தியாலத்தில் பிறந்தாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு லெனாட் அண்ணை ஒரு டாங்கியையும் குறைய விட்டதில்லை. அதனால்தான் அக்கா ஒன்பது தரமும் முகத்தைச் சுளிக்காமல் திருத்தினார். ஊர் மனிதர்களை மூன்று விரல் விடச் சொல்லி ஏசுகிறவர் அவரை மட்டும் ஏசவில்லை.

இந்த வைகாசியில் அது மாறியது. ஒரு வாடிக்கையாளர் வேலைக்குக் கொடுத்த டாங்கியைத் திரும்ப வாங்கும்போது, வாசலில் நின்ற லெனாட் அண்ணையின் சைக்கிளைக் காட்டி, "இது ஆர் செய்தது அக்கா? அவரிட்டை குடுக்காமல் தப்பினன்" என்றார். பகிடியாகச் சொன்னாரோ உண்மையாகவே கேட்டாரோ தெரியாது. அக்கா சிரித்தார். அவர் போன பிறகு தட்டியில் தட்டினார்.

"மாஸ்ரர், திருநாளுக்கு ரெண்டு ஸ்ரிக்கர் வெட்டும். லவீனா எண்டு வெள்ளை எழுத்து, கீழை ஒரு அலை. வலதுக்கு ஒண்டு, இடதுக்கு ஒண்டு. இந்த முறை அவரை நான் விடப்போறதில்லை."

முதலில் டாங்கி வாய்க்குள் மூன்று விரல் கீழே சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டார். லெனாட் அண்ணை கோட்டுக்கு மேலேயே நிரப்பிக்கொண்டு வந்தார்.

"கோடு தெரியேல்லையோ உங்களுக்கு?"

"பெற்றோலுக்குக் கீழை கிடந்தால் எப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.

பிறகு செற்றில் வேலை செய்கிற தேவராசாவிடம் போய், இவர் வந்தால் நிரப்ப வேண்டாம் என்று சொல்லிவைத்தார். தேவராசா அக்காவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை, சொன்னால் கேட்பான். லெனாட் அண்ணை வந்து நிறுத்தியதும், "அண்ணை, பம்ப் பழுது" என்றான்.

"முன்னாலை போனவனுக்கு அடிச்சனி."

"அப்பதான் பழுதாப்போனது."

லெனாட் அண்ணை நாவற்குழி வரைக்கும் போய் அடித்துக்கொண்டு வந்தார். அதுதான் அவர் அந்த வருடத்தில் போன ஆகத் தூரமான பயணம் என்று அக்கா சொன்னார். போய்வந்ததில் அரை லீற்றர் குறைந்துவிட்டதென்று, வரும் வழியில் இன்னொரு செற்றிலும் நிறுத்தினாராம்.

கடைசியில் முடித்துவைத்தது லவீனா. அவள் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் போய்வருகிறாள். ஆனி மாத ஞாயிறு ஒன்றில் நண்டுக்கறிச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா மூன்று விரலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். லெனாட் அண்ணை நண்டுக்காலை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அவசரத்துக்கு வேணும்" என்றார்.

"என்ன அவசரம்?"

"அவசரம் சொல்லிக்கொண்டு வருமே?"

லவீனா நிமிர்ந்தாள். "அப்பா, நான் பிறந்திட்டன்."

அவர் உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"நான் பிறந்து இருபத்தொம்பது வருசமாச்சு. உங்களுக்கு இப்ப ஆஸ்பத்திரிக்கு ஆரைக் கொண்டுபோகக் கிடக்கு? வேணுமெண்டால் என்ரை ஸ்கூட்டியிலை கொண்டுபோங்கோ, அதிலை ஸ்ரிக்கர் இல்லை."

பிறகு அக்காதான் முதலில் சிரித்தார், லெனாட் அண்ணையும் சேர்ந்துகொண்டார். சிரிப்பு அடங்கியதும் அவர் கையைக் கழுவாமலே, குழம்பு பூசிய மூன்று விரலை நீட்டி அளவு பார்த்தார்.

"இவ்வளவோ?"

"அவ்வளவுதான்."

"உது பெரிய இடமெல்லே."

"உங்கடை விரலாலை அளந்தால் அப்பிடித்தான். என்ரை விரலாலை அளந்து பாருங்கோ" என்று அக்கா தன் கையை நீட்டினார். அண்ணை அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இஞ்சாரும், உம்மடை விரல்" என்றார். திருநாள் வரைக்கும் மட்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். அதற்குப் பிறகு பார்ப்போம் என்றார். அக்கா அதற்கும் ஓம் என்றார்.

அடுத்த நாளே டாங்கி கழன்றது. லெனாட் அண்ணை துவிச்சக்கரவண்டியில் கடலுக்குப் போனார். ஐந்து நாளுக்குப் பதிலாக அக்கா அதை எட்டு நாள் கவிழ்த்து வைத்தார். பதினொரு வருடப் பெற்றோல் ஊறியிருக்கிறது என்றார். பழைய பூச்சு முழுவதையும் இரும்பு தெரியும்வரை எடுத்தார். உரிக்க உரிக்க ஒவ்வொரு வருடத்து நிறமும் வந்தது. சிவப்பு, பச்சை, பிறகு மறுபடி சிவப்பு, ஒரு வருடம் மட்டும் மஞ்சள். "இந்த மஞ்சள் ஆரின்ரை யோசினை?" என்று கேட்டேன். "அவருக்குப் பிடிக்குமெண்டு நான் நினைச்சன். எனக்குப் பிடிக்குமெண்டு அவர் நினைச்சார். ரெண்டு பேருக்கும் பிடிக்கேல்லை" என்றார்.

பிறைமர் அடித்தார், கறுப்பு அடித்தார், ஒவ்வொன்றுக்கும் நாள் கணக்குப் பார்த்துக் காயவிட்டார். அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். "தொடாதேங்கோ" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். "நான் எங்கை தொட்டன்?" என்பார். தொடத்தான் வந்திருப்பார்.

ஸ்ரிக்கர் ஒட்டுவதற்கு டாங்கியை மண் நிரப்பிய சாக்கின் மேல் சரித்து வைக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, ஸ்ரிக்கரை வைத்து, நடுவிலிருந்து வெளியே ரப்பர்த் துண்டால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவார். ஒரு பக்கம் ஒட்டினால் ஒரு இரவு அப்படியே கிடக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றப் பக்கம் புரட்டலாம். புதன்கிழமை பின்னேரம் வலது பக்கத்தை ஒட்டினார். ஒட்டி முடித்துத் தட்டியில் தட்டி என்னைக் கூப்பிட்டார். விளக்கை ஒரு பக்கமாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சிறு மேடுகூட இல்லை.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு அக்கா."

"நல்லா இருக்கிறது பெரிசில்லை. இருக்கிறதுதான் பெரிசு" என்றார். "நாளைக்கு மற்றப் பக்கம்."

திருநாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் லெனாட் அண்ணை கடைக்கு வந்தார். சாக்கின் மேல் கிடந்த டாங்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா இல்லாத கடையில் அவர் முதல்தரம் அதைத் தொட்டார், அதுவும் ஒரு விரலால்.

"மற்றதை நான் ஒட்டித் தரட்டோ அண்ணை?" என்று கேட்டேன். "அக்கா மாதிரி வராது. ஆனால் ஒட்டலாம்."

"வேண்டாம் மாஸ்ரர்."

"ஒரு பக்கத்தோடையோ ஓடப்போறியள்?"

"அவ என்னை நம்பி ஒரு பக்கம் ஒட்டினவ" என்றார். "அது பொங்காமல் மழைக்காலம் வரைக்கும் கிடக்கட்டும். கிடந்தால் மற்றதை ஒட்டும். பொங்கிச்சுதெண்டால் எனக்கு ரெண்டாவது எதுக்கு?"

டாங்கியைச் சைக்கிளில் பூட்டிக்கொண்டு அவர் நேரே செற்றுக்குப் போன கதையைத் தேவராசா எனக்குச் சொன்னான். அண்ணை அன்று பம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத் திறந்து, தலையை உள்ளே விடுகிற மாதிரிக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பெற்றோல் ஏறி வர, "காணும் தம்பி, நிப்பாட்டு" என்றார். தேவராசா நிறுத்தினான். அக்காவின் மூன்று விரலுக்குப் பதிலாகத் தன்னுடைய இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், நனையவில்லை. "உனக்குச் சின்னக் கையெல்லே, நீ ஒருக்கா விட்டுப் பார்" என்று தேவராசாவைக் கேட்டார். அவனும் மூன்று விரலை விட்டுப் பார்த்தான், நனையவில்லை.

"ஆட்டேல்லையோ அண்ணை?"

"இல்லை."

மூடியை மூடிவிட்டுப் போனார். சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், போனார். இன்னொருதரமும் வந்தார். மூன்றாவது தரம் தேவராசா குழாயைக் கையில் எடுத்தபோது, "வை அதை. நான் சும்மா பாக்க வந்தனான்" என்றாராம்.

திருநாளன்று அவர் முன்வரிசையில்தான் நின்றார். சைக்கிளின் இடது பக்கத்தை மதிலோடு ஒட்டினாற்போல நிறுத்தியிருந்தார். பங்குத்தந்தை தண்ணீர் தெளித்துக்கொண்டு வரிசையில் வந்தவர், அண்ணையிடம் வந்ததும் மதிலுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நுழைந்து மற்றப் பக்கத்தையும் பார்த்தார்.

"லெனாட், இஞ்சாலை ஒண்டையும் காணேல்லை?"

"அது இன்னும் காயேல்லை பாதர்" என்றார் அண்ணை.

பங்குத்தந்தை அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்தார். பின்னால் நின்ற லவீனா சிரித்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் ஏன் என்று கேட்டார்கள், அவள் சொல்லவில்லை.

நிபந்தனை திருநாளோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவர் இரண்டு தரம் பெற்றோல் அடித்ததாகத் தேவராசா சொல்கிறான். இரண்டு தரமும் ஆட்டவில்லை. இன்று காலை கடை வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது நான் குனிந்து பார்த்தேன். வலது பக்கத்தில் எழுத்தும் அலையும் ஒட்டியபடியே இருக்கின்றன. மழைக்காலம் தொடங்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. இடது பக்கம் வெறும் கறுப்பு. அதற்கு வெட்டிய ஸ்ரிக்கர், துளை உருட்டி முடித்தபடி, பின்தாள் உரிக்காமல் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது.